சர்வர் கணினியின் இயங்குதளம்: தேர்வு ஒரு நாள், பராமரிப்பு பல்லாண்டு

(அரசு அலுவலர்களுக்கும் கணினியியல் மாணவர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)

நிலப் பதிவேடு, ஓய்வூதியம், குடும்ப அட்டை, தேர்வு முடிவு, இரயில் முன்பதிவு ஆகிய பணிகள் யாவும் இன்று ஏதோ ஓர் அறையில் இரவும் பகலும் ஓயாது இயங்கும் கணினிகளைச் சார்ந்துள்ளன. பொதுமக்கள் காண்பது அலுவலகத்தில் உள்ள திரையையோ தங்கள் கையில் உள்ள தொலைபேசியையோ மட்டுமே. அத்திரைக்குப் பின்னே இருந்து விவரங்களைச் சேமித்து, கேட்பவர்க்கு எடுத்து வழங்கும் கணினியே சர்வர் எனப்படுகிறது. அது நின்றுவிடுமாயின், “சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்” என்னும் விடையே மக்களுக்குக் கிட்டும். சான்றிதழ் பெறுவதற்காக வேலையை விட்டு வட்ட அலுவலகத்திற்கு வந்த தொழிலாளிக்கு அவ்விடையின் விலை ஒரு நாள் கூலியாகும்.

இத்தகைய கணினிக்கு எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வி, கொள்முதல் கோப்பில் ஒரு வரியாக முடிந்துவிடுவது உண்டு. கணினியின் வேகம், நினைவகத்தின் அளவு, விலை ஆகியவை பல பக்கங்களில் ஆராயப்படுகின்றன. இயங்குதளமோ வழக்கப்படி எழுதப்பட்டுவிடுகிறது. ஆயினும் கணினிப் பெட்டி ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றப்படும். இயங்குதளத்தைச் சார்ந்து எழுதப்பட்ட நிரல்களும் பயிற்சி பெற்ற ஊழியர்களின் பழக்கமும் அதனினும் நெடுங்காலம் நீடிக்கும். ஆதலின் “எது சிறந்தது?” என்பதைவிட, “எத்தனை ஆண்டுகள், யாருடைய பொறுப்பில், என்ன செலவில் இதனைப் பாதுகாப்பாக இயக்க இயலும்?” என்பதே முறையான கேள்வியாகும்.

இயங்குதளத்தின் பணி

கணினியின் வன்பொருளுக்கும் பயனுக்குரிய நிரல்களுக்கும் இடையே நின்று ஆட்சி நடத்துவது இயங்குதளம். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நிரல்கள் இயங்கும்போது, எதற்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம் என்று பங்கிடுவது அதன் முதற்பணி. கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்துவதும், வலைத்தொடர்பைக் கையாள்வதும், யார் எதனைப் பார்க்கலாம், எதனைத் திருத்தலாம் என்று வரம்பு கட்டுவதும் அதன் பிற பணிகள். இவற்றின் நடுநாயகமாக விளங்கும் பகுதி ‘கெர்னல்’ எனப்படும். அதில் ஒரு பழுது நேருமாயின் அதன்மேல் இயங்கும் அனைத்தும் பழுதுறும்.

மேசைக் கணினிக்கும் சர்வருக்கும் தேவைகள் வேறு. மேசைக் கணினியில் அழகிய திரையும் புதிய வசதிகளும் விரும்பப்படும். சர்வரிலோ தேவையற்ற ஒவ்வொரு நிரலும் திருடன் நுழையக்கூடிய ஒரு சன்னலாகும். ஆகவே குறைவாக நிறுவுவதே நன்று. அதுபோலவே சோதனைச் சூழலுக்கும் நடைமுறைப் பணிச்சூழலுக்கும் வேறுபாடு உண்டு. சோதனைக் கணினியில் புதுமையை முயன்று பார்த்து, பிழை நேர்ந்தால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். மக்களின் ஆவணங்கள் உள்ள கணினியில் அவ்வாறு செய்ய இயலாது.

வரலாறு தரும் படிப்பினை

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். 1973இல் அது சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதற்கு முன் இயங்குதளங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு கணினிக்கென்றே எழுதப்பட்டன. யுனிக்ஸோ ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்குப் பெயர்க்கத்தக்கதாயிற்று. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலும் இணைந்தபோது, மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளம் உலகிற்குக் கிடைத்தது.

இயங்குதளத் தேர்வின் நீண்ட நிழலை அறிய இந்திய இரயில்வேயின் பயணியர் முன்பதிவு முறை தக்க சான்றாகும். புது தில்லியில் சோதனையாகத் தொடங்கி 1986இல் நடைமுறைக்கு வந்த இம்முறை, டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளையும் அவற்றிற்குரிய வி.எம்.எஸ். இயங்குதளத்தையும் அடித்தளமாகக் கொண்டது. பின்னர் இரயில்வே தகவல் முறைகள் மையம் ‘கன்சர்ட்’ என்னும் மென்பொருளை உருவாக்கி, தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களையும் 1999இல் ஒன்றாக இணைத்தது. நாட்டின் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் பயணச்சீட்டுப் பெறலாம் என்ற நிலை இதனால் ஏற்பட்டது. அக்காலத்தில் பழுதின்றி நாள்கணக்கில் இயங்குவதில் வி.எம்.எஸ். புகழ் பெற்றிருந்தது, தேர்வு குறைபாடுடையது என்று எவரும் கூற இயலாது.

எனினும் அத்தளத்தின் உரிமை பின்னாளில் கைமாறிக்கொண்டே வந்தது. 1998இல் டிஜிட்டல் நிறுவனத்தைக் காம்பேக் வாங்கியது. 2002இல் காம்பேக்கை ஹியூலட் பக்கார்ட் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2014இல் இயங்குதளத்தை வளர்க்கும் பொறுப்பு வேறொரு சிறிய நிறுவனத்திற்குச் சென்றது. அது இயங்கிய செயலிகளும் வாக்ஸ், ஆல்பா, இட்டானியம் என்று மாறின. இட்டானியம் செயலிகளின் விநியோகமும் 2021இல் நின்றது. எங்கும் எளிதில் கிடைக்கும் எக்ஸ் 86 வகைக் கணினிகளுக்கு அத்தளம் முழுமையாக வந்தது 2022இல்தான். விற்ற நிறுவனம் மறைந்த பின்னும் வாங்கியவரின் பணி நிற்பதில்லை என்பதே இதன் படிப்பினை. உரிமையாளர் மாறினாலும், வன்பொருள் வழக்கொழிந்தாலும் வெளியேறும் வழி உண்டா என்று தொடக்கத்திலேயே ஆராய்தல் வேண்டும்.

ஆதரவுக் காலம்

எந்த இயங்குதளமும் பிழையற்றதன்று. பிழைகள் நாள்தோறும் கண்டறியப்படுகின்றன. அவற்றிற்கான பாதுகாப்புத் திருத்தங்களைத் தயாரித்தவர்கள் வெளியிடுகின்றனர். இவ்வாறு வெளியிடுவதாக வாக்களிக்கும் காலமே ஆதரவுக் காலம். அது முடிந்த பின் கணினி முன்போலவே இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படா. வெளித்தோற்றத்தில் மாற்றம் ஏதும் இன்மையால் இவ்வாபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

விண்டோஸ் சர்வர் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு முதன்மை ஆதரவும், மேலும் ஐந்தாண்டு நீட்டித்த ஆதரவும் வழங்கப்பெறுவது வழக்கம். விண்டோஸ் சர்வர் 2012க்கான நீட்டித்த ஆதரவு 2023 அக்டோபரில் முடிவுற்றது. ரெட் ஹாட் நிறுவனத்தின் வணிக லினக்ஸ் பதிப்புகள் ஏறத்தாழப் பத்தாண்டு ஆதரவு பெறுகின்றன. 2019இல் வந்த எட்டாம் பதிப்பிற்கு 2029 வரை ஆதரவு அறிவிக்கப்பட்டது. உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்பு ஈராண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளியாகி, ஐந்தாண்டுக்குப் பொது ஆதரவு பெறுகிறது. கட்டணச் சேவையின் வழியாக அது நீளும். தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன், ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு நிலையான பதிப்பை வெளியிடுகிறது. மூன்றாண்டு முழு ஆதரவும், அதன்பின் நீட்டித்த ஆதரவுமாக ஐந்தாண்டு கிடைக்கிறது.

இக்கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆதரவுக் காலம் பதிப்பு வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அலுவலகம் அதனை நிறுவிய நாளிலிருந்து அன்று. வெளியாகி நான்காண்டு கழிந்த பதிப்பை, ஒப்பந்தப்புள்ளியில் எழுதியிருக்கும் காரணத்தாலேயே நிறுவினால், ஐந்தாண்டு ஆதரவில் எஞ்சுவது ஓராண்டே. திட்டம் தயாரிக்கப்படுவதற்கும் கணினி வந்து சேர்வதற்கும் இடையே காலம் கழிவது இயல்பு. ஆகவே ஒப்பந்தத்தில் பதிப்பு எண்ணை எழுதுவதைவிட, “நிறுவும் நாளிலிருந்து இத்தனை ஆண்டு ஆதரவு எஞ்சியிருத்தல் வேண்டும்” என்று எழுதுவது பயன் தரும்.

வாக்களித்த காலமும் மாறக்கூடும் என்பதற்கு சென்ட் ஓ.எஸ். ஒரு சான்று. ரெட் ஹாட் வெளியிடும் மூல நிரலைக் கொண்டு கட்டணமின்றி வழங்கப்பட்ட இத்தளம், 2004 முதல் உலகெங்கும் கல்வி நிலையங்களிலும் அலுவலகங்களிலும் பரவியிருந்தது. 2014இல் அத்திட்டம் ரெட் ஹாட் நிறுவனத்தின் அரவணைப்பில் வந்தது. அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2021 இறுதியோடு அது முடிவுறும் என 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. எட்டாண்டு இருப்பதாகக் கருதியவர்கள் ஓராண்டிற்குள் வேறு தளத்திற்கு மாற நேர்ந்தது. முந்தைய ஏழாம் பதிப்பும் 2024 ஜூனில் முடிவுற்றது. எனினும் மூல நிரல் திறந்திருந்தமையால், 2021இலேயே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்னும் மாற்றுத் தளங்கள் தோன்றின. நிரல்களைத் திருத்தி எழுதாமலேயே பலர் அவற்றிற்கு மாறினர். திறந்த மூலத்தால் வாக்கு மீறப்படுவதைத் தடுக்க இயலவில்லை. மீறப்பட்டபோது வெளியேறும் வாயிலை அது தந்தது.

திருத்தம் இருப்பதும் இடப்படுவதும்

ஆதரவு இருந்தால் மட்டும் போதாது. திருத்தம் உரிய காலத்தில் கணினியில் இடப்பட வேண்டும். 2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இலட்சக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் தேசிய நலவாழ்வுப் பணியின் மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அத்தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை அப்போதும் ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். மருந்து கைவசம் இருந்தும் இரண்டு மாதங்களாக உட்கொள்ளப்படாத நிலை இது.

மறுபுறம், ஆராயாமல் அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுவதும் ஆபத்தே. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதுற்ற புதுப்பிப்பு, சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை ஒரே நாளில் முடக்கியது. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன. பழுது இயங்குதளத்தில் இல்லை. கெர்னல் வரை செல்லும் உரிமை பெற்ற பிறிதொரு மென்பொருளில் இருந்தது. இயங்குதளத்தின் நம்பகத்தன்மை அதனுள் சேர்க்கப்படுபவற்றின் நம்பகத்தன்மையைக் கடந்து செல்ல முடியாது என்பதை அந்நாள் காட்டியது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் முரண்பட்ட அறிவுரைகளைத் தருவதாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டுக்கும் விடை ஒன்றே: முதலில் சோதனைக் கணினியில், பின் சில கணினிகளில், அதன்பின் அனைத்திலும் என்று படிப்படியாக, ஆனால் நாள் குறித்துத் திருத்தங்களை இடுதல் வேண்டும். அவ்வாறு செய்ய வசதியற்ற தேர்வு எதுவாயினும் அது நல்ல தேர்வாகாது.

பழைய எண், புதிய பாதுகாப்பு

நிலையான பதிப்புகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. அவற்றில் உள்ள மென்பொருள்களின் பதிப்பு எண்கள் பழையனவாக இருப்பதைக் கண்டு, அவை பாதுகாப்பற்றவை என்று கருதப்படுகிறது. டெபியன், ரெட் ஹாட் போன்றவை புதிய பதிப்பில் செய்யப்பட்ட பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்பில் பொருத்தித் தருகின்றன. எண் மாறாது, ஓட்டை அடைபடும். புதிய வசதிகள் நுழையாமையால் இயங்கும் நிரல்கள் முறியும் வாய்ப்பும் குறையும். எண்ணை மட்டும் பார்த்துக் குறை எழுதும் தணிக்கையாளரும், அதற்கு அஞ்சி வெளியிடத்திலிருந்து புதிய மென்பொருளை இறக்கி நிறுவும் ஊழியரும், இம்முறையின் பயனையே கெடுத்துவிடுகின்றனர்.

நிதானத்தின் மதிப்பை 2024 மார்ச்சில் உலகம் கண்டது. லினக்ஸ் தளங்களில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளில், பராமரிப்பாளர்களின் நம்பிக்கையை ஈராண்டுக்கும் மேலாகப் பெற்றுவந்த ஒருவர் இரகசிய வாயில் ஒன்றைப் புகுத்தியிருந்தார். தொலைவிலிருந்து கணினியில் நுழைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த ஆந்த்ரேஸ் பிராயண்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டுபிடித்தார். அப்பதிப்பு டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனைக் கிளைகளை எட்டியிருந்தது. டெபியனின் நிலையான பதிப்பை எட்டவில்லை. மூல நிரல் திறந்திருந்தமையால் பழுதைத் தேட முடிந்தது. ஆனால் திறந்திருந்தது என்பதாலேயே அது தானாகக் கண்டறியப்படவில்லை. விழிப்புடன் பார்க்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

செலவும் கொள்கையும்

கட்டணமற்ற இயங்குதளம் செலவற்றதன்று. கட்டணம் செலுத்தியதாலேயே உதவி உறுதியாவதும் இல்லை. விண்டோஸ் சர்வருக்கு 2016ஆம் பதிப்பு முதல் செயலியின் உள்ளகங்களை எண்ணி உரிமக் கட்டணம் கணிக்கப்படுகிறது. அதனை அணுகும் பயனர்க்கோ கருவிக்கோ தனி உரிமமும் பொதுவாக வேண்டும். பயனர் பெருகும்போது செலவும் பெருகும். வணிக லினக்ஸ் தளங்களுக்கு ஆண்டுச் சந்தா உண்டு. கட்டணமற்ற தளத்தைத் தேர்ந்தால், அப்பணம் பயிற்சி பெற்ற ஊழியர்க்கும் ஆதரவு ஒப்பந்தத்திற்கும் செல்ல வேண்டும். உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்திவிட்டு ஊழியரையும் நியமிக்காமல் விடுவது சிக்கனமன்று.

மத்திய அரசு 2015இல் அறிவித்த திறந்த மூல மென்பொருள் ஏற்புக் கொள்கை, அரசு அமைப்புகள் திறந்த மூலத்திற்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கூறுகிறது. ஒப்பந்தப்புள்ளி அழைப்பில் அதனைக் கருதுமாறு கோர வேண்டும். திறந்த மூலம் அளிக்கப்படாவிடில் அதற்குக் காரணம் கூறப்பட வேண்டும். அதே கொள்கை, இருவகை மென்பொருள்களையும் திறன், கட்டுப்பாடு, விரிவாகும் தன்மை, பாதுகாப்பு, வாழ்நாள் செலவு, ஆதரவுத் தேவை ஆகிய அளவுகோல்களால் ஒப்பிடுமாறும் பணிக்கிறது. கோப்பில் ஒரு வரியாக முடியும் முடிவுக்கு இவ்வாறு அளவுகோல்கள் ஆயத்தமாகவே உள்ளன. உள்நாட்டு முயற்சியாக, சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கியுள்ளது. இப்பணியில் அதன் சென்னை மையத்திற்கு முதன்மையான பங்கு உண்டு. இந்திய மொழிகளுக்கான வசதிகள் அதில் சேர்க்கப்பட்டன. சர்வருக்கான வடிவமும் வெளியிடப்பட்டது.

ஆள்பலமே அடித்தளம்

தேர்வில் பெரிதும் மறக்கப்படும் கூறு மனிதர். ஓர் அலுவலகத்தில் ஆர்வமுள்ள ஊழியர் ஒருவர் அரிய இயங்குதளம் ஒன்றை நிறுவித் திறம்பட நடத்தக்கூடும். அவர் மாற்றலாகிச் சென்ற மறுநாள், அக்கணினியைத் தொடவே மற்றவர் அஞ்சுவர். திருத்தங்கள் நிற்கும்; கடவுச்சொல் எங்குள்ளது என்பதும் தெரியாது. அரசுப் பணியில் மாற்றல் இயல்பான ஒன்று. ஆதலின் ஒருவரின் திறமையை நம்பிய தேர்வு நிலைக்காது. அண்டை மாவட்டத்திலும் தலைமையகத்திலும் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் உள்ள தளமே பொருத்தமானது. ஒரு துறையில் ஐந்து வகைத் தளங்கள் இருப்பதைவிட ஒன்றிரண்டு இருப்பது பயிற்சிக்கும் திருத்தத்திற்கும் எளிது. நிறுவிய முறையும் அமைப்புகளும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

தேர்வு முறை

இவற்றைத் தொகுத்து நோக்கினால் தேர்வுக்கு ஓர் ஒழுங்கு புலப்படும். முதலில் இயங்க வேண்டிய பயன்பாட்டு நிரலும் தரவுத்தளமும் எவை என்று கண்டு, அவற்றை உருவாக்கியவர்கள் எந்த இயங்குதளத்தில் ஆதரவு தருகின்றனர் என்று அறிதல் வேண்டும். அதன்பின் வன்பொருள் அத்தளத்திற்கு ஏற்றதென உறுதி செய்தல்; எஞ்சிய ஆதரவுக் காலத்தை எண்ணுதல்; பராமரிக்கும் ஊழியரைக் கணக்கிடுதல்; பத்தாண்டுச் செலவை ஒப்பிடுதல் ஆகியன தொடர வேண்டும். விரைவுச் சோதனைகளில் கிடைக்கும் சிறு வேறுபாடுகளுக்கு இவ்வரிசையில் கடைசி இடமே உரியது.

நிறுவிய பின்னும் கடமைகள் உள. இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைகளின்படி, செயற்பதிவுகள் 180 நாள்களுக்குக் காக்கப்பட வேண்டும். கணினியின் கடிகாரம் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தையோ, அதனுடன் ஒத்த நேரத்தையோ பின்பற்ற வேண்டும். குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் தளத்தில் இவற்றைச் செய்ய ஊழியர் அறிந்திருத்தல் அவசியம். காப்பு நகல் எடுப்பது போலவே, அந்நகலிலிருந்து கணினியை மீட்டெடுக்கும் ஒத்திகையும் ஆண்டுதோறும் நடைபெற வேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று நம்புவதற்கில்லை.

இறுதியாக, நுழையும் நாளிலேயே வெளியேறும் வழி எழுதப்பட வேண்டும். தரவுகள் பொதுவான வடிவில் வெளியெடுக்கத் தக்கனவா, நிரல் வேறு தளத்தில் இயங்குமா, ஆதரவு முடியும் ஆண்டிற்கு ஈராண்டு முன்னரே மாற்றத்திற்கான நிதி கேட்கப்படுமா என்பன கோப்பில் இடம்பெற வேண்டும்.

இயங்குதளங்களுள் முற்றிலும் நல்லதென்றோ தீயதென்றோ ஒன்றில்லை. ஆதரவுள்ள, ஊழியர் அறிந்த, திருத்தங்கள் தவறாமல் இடப்பட்ட எளிய தளம், கவனிப்பாரற்ற உயர்ந்த தளத்தைவிட மேலானது. ஐயமின்றி எழுதப்பட்ட ஒரு பராமரிப்புத் திட்டமும், அதற்கான ஆளும் நிதியும் அமையுமாயின், அலுவலகத்திற்கு வரும் குடிமகன் வந்த காரியத்தை அன்றே முடித்துச் செல்வான்.